கடன்பட்டுத்தான் நத்தார்ப் பரிசா?

மார்கழி பிறந்ததும் எமது சிறு பட்டினங்களில் இரண்டு இடங்களில் சனக்கூட்டத்தைக் காணலாம். ஒன்று புடவைக் கடை. மற்றையது அடகு பிடிக்கும் இடம். இரண்டாவது இடத்திலிருந்து முதலாவது இடத்துக்குப் போகும் நடையைத்தான் எம்மிற் பலர் நத்தார் ஆயத்தம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு சோடிக் காப்பு உள்ளே போகிறது. பிள்ளைகளுக்குச் சட்டை, மருமகனுக்குச் சேட்டு, சம்பந்தி வீட்டுக்குப் பிஸ்கற் ரின், தங்கையின் பிள்ளைக்கு பற்றரியில் ஓடும் கார் என்று அது வெளியே வருகிறது. பற்றரி மூன்றாம் நாள் தீர்ந்துவிடும். காப்பு மட்டும் உள்ளேயே இருக்கும். தை பிறந்தவுடன் பாடசாலைக் கொப்பி, சப்பாத்து என்று அடுத்த செலவு வாசலில் வந்து நிற்கும்.

நான் பரிசு கொடுப்பதற்கு எதிரானவன் அல்லன். பண்டிகை நாளில் கை வெறுமையாக ஒரு வீட்டுப் படலையைத் திறப்பது எமது சனங்களுக்குப் பழக்கமில்லாத காரியம். அந்தப் பழக்கம் நல்ல பழக்கம், அது நிலைக்கட்டும். ஆனால் பரிசு என்றாற் கடையிலிருந்துதான் வரவேண்டும், பளபளக்கும் கடதாசியிற் சுற்றியிருக்க வேண்டும் என்ற எண்ணம் எப்பொழுது எமது கிராமங்களுக்குள் வந்து குடியேறியது? வீட்டில் எமது கையால் செய்த ஒன்றைக் கொண்டுபோனால் “ஒன்றும் வாங்கவில்லையோ?” என்று கேட்பார்கள் என ஏன் கூசுகிறோம்? இந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். ஏனெனில் அதன் விலையைச் செலுத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

கடன் என்றால் என்னவென்று எமது கிராமப் பெண்களுக்கு எவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. வீட்டு வாசலுக்கே வந்து கொடுத்து, கிழமைக்குக் கிழமை அதே வாசலில் வந்து நின்று அறவிடும் நுண்கடன்களின் சுமை எவ்வளவு முற்றியதென்றால், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதற்கு 2018 இல் அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. நான்கு வருடங்களின் பின், 2022 ஏப்பிரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடே கையை விரித்தது. அவ்வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். விலையேற்றத்தின் வேகம் பின்னர் தணிந்தது உண்மை. ஆனால் ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கி வரவில்லை என்பதைச் சந்தைக்குப் போய்வருகிற எவரும் சொல்வர். இத்தனையையும் பார்த்த பின்பும் ஒரு பிளாஸ்ரிக் பொம்மைக்காகக் காப்பைக் கழற்றுவது, எனது பார்வையில், பாசம் அல்ல, அயலுக்குப் பயப்படுதல்.

“நத்தார்” என்ற சொல்லே போர்த்துக்கேயரின் “நத்தால்” என்ற சொல்லிலிருந்து எமக்கு வந்தது. வேறு பலவும் அவ்வாறே வந்தன. நாலாம் நூற்றாண்டில் இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா என்னும் பட்டினத்தில் ஆயராக இருந்த புனித நிக்கொலஸ், காலப்போக்கிற் பஞ்சுத் தாடியும் சிவப்புக் கம்பளிச் சட்டையும் போட்ட நத்தார் பாப்பாவாக மாறி எமது வெக்கையிலும் வியர்த்துக்கொண்டு வருகிறார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அதைக் குழப்ப வேண்டியதில்லை. ஆனால் அவரின் மூட்டைக்குள் இருப்பதெல்லாம் கடைச் சாமானாகவே இருக்கவேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை.

இங்கே சங்கடமான ஒரு விடயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு மார்கழியிலும் நல்ல மனமுள்ளவர்கள் வாகனம் பிடித்துக் கிராமங்களுக்கு வருகிறார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு பொதி கொடுக்கிறார்கள். கொடுக்கும்போது படம் எடுக்கிறார்கள். தாய்மார் மண்டபத்தின் பின்சுவரோடு நிற்கிறார்கள். தகப்பன்மார் உள்ளுக்கே வருவதில்லை. தான் வாங்கிக் கொடுக்க முடியாத ஒன்றை, பெயர் தெரியாத ஒருவர் தன் பிள்ளையின் கையிற் கொடுப்பதை வாசலில் நின்று பார்க்கும் தகப்பனின் மனநிலையை நாங்கள் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? 2004 மார்கழி 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் குளிர்நாட்டுக் கம்பளி உடுப்புகள்கூட எமது கரையோரங்களுக்கு வந்து சேர்ந்தன. அனுப்பியவர்களின் அன்பிற் குறையில்லை. பெறுகிறவரின் முகத்தைப் பாராமல் அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

பங்கு மட்டத்திலோ, மாதர் சங்கத்திலோ, கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ நத்தார்ப் பொதிக்குப் பணம் சேர்ந்தால் அதை வேறு விதமாகச் செலவிடலாம். பொம்மை வாங்குவதற்குப் பதில் பயறு, சீனி, எள்ளு, துணி, நூல், வர்ணக் கடதாசி என வாங்கி, நத்தாருக்குப் பத்து நாட்களுக்கு முன்பே, படமெடுப்பு இல்லாமல், பெற்றோரின் கையிற் சேர்ப்பிக்கலாம். இரண்டு மாலை நேரங்கள் மண்டபத்தைத் திறந்துவிட்டால் தையல் இயந்திரம் உள்ளவர் அதைக் கொண்டுவருவார். தச்சுவேலை தெரிந்தவர் உளியைக் கொண்டுவருவார். நத்தார்க் காலையில் பிள்ளைக்குப் பரிசு தாயின் கையிலிருந்து கிடைக்கும். பொருளின் பெறுமதி ஒன்றே. கொடுக்கும் கை வேறு. இந்த வேறுபாட்டைச் சின்ன விடயம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை வரிசையில் நின்று பார்க்கட்டும்.

இனி, எதைச் செய்வது? இந்தக் கேள்விக்கு வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் நிறையப் பதில் உண்டு. பைன் மரக் கிளையில் வளையம் செய்வது, கம்பளிக் காலுறை பின்னுவது என்று அவை சொல்லும். மலையகத்துக் குளிரிற் கைக்குழந்தைக்குப் பின்னிய கம்பளித் தொப்பி உண்மையிலேயே நல்ல பரிசுதான். ஆனால் கரையோரத்திலும் வன்னியிலும் எமக்குரிய பதில் எமது வளவுக்குள்ளேயே கிடக்கிறது.

ஆனால் ஒன்றை முதலிற் கவனிக்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் மார்கழி மழைமாதம். வெயிலை நம்பிச் செய்யும் எதையும் அந்த மாதத்திற் தொடங்கக்கூடாது. பனாட்டு, ஒடியல், வடகம், மோர் மிளகாய், தேசிக்காய் ஊறுகாய் எல்லாம் வெயிலின் பிள்ளைகள். பனம்பழம் விழும் ஆவணி, புரட்டாசியிற் களியைப் பிழிந்து பாயில் ஊற்றி, படைக்கு மேற் படையாகக் காயவைத்த பனாட்டு, நன்றாகக் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். தேசிக்காயை நாலாகப் பிளந்து, உப்பு அடைத்து, வெயிலில் வாடவைத்துப் போத்தலில் இட்டால் நத்தார் வரும்போது பதமாக ஊறியிருக்கும். அப்படியானால் நத்தார்ப் பரிசை ஆவணியிலேயே தொடங்க வேண்டும் என்றாகிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். கடைக்காரர் தனது நத்தார்ச் சாமான்களுக்கு எப்போது ஓடர் கொடுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

மார்கழியில் வெயில் இல்லாவிட்டாலும் அடுப்பு இருக்கிறது. அடுப்பில் ஆகும் பண்டங்கள் இந்த மாதத்துக்குரியவை. வறுத்து இடித்த மிளகாய்த்தூளை எடுத்துக்கொள்வோம். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை: இவற்றை ஒன்றாகப் போட்டு வறுக்கக்கூடாது. மல்லிக்கு ஒரு பதம், வெந்தயத்துக்கு வேறு பதம். வெந்தயம் கருகினால் முழுத் தூளும் கைத்துவிடும். நன்றாக ஆறிய பின்னரே போத்தலில் இடவேண்டும்; சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொரு வீட்டுத் தூளும் ஒவ்வொரு மணம் என்பது எமக்குத் தெரியும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள எமது பிள்ளைகள் கடையில் எல்லாம் கிடைத்தாலும் அம்மாவின் தூளுக்குக் காத்திருப்பது இதற்காகத்தான். எமது கிராமத்தில் ஒரு தாய் செய்யக்கூடிய மிகப் பெறுமதியான நத்தார்ப் பரிசு எதுவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கோ, கொழும்பில் அறை எடுத்து வேலை செய்யும் தம்பிக்கோ ஒரு போத்தல் சீனிச் சம்பல். வெங்காயத்தின் ஈரம் முற்றாகப் போகும் வரை மெல்லிய நெருப்பிற் பொறுமையாக வதக்குவதே அதன் இரகசியம். அவசரப்பட்டால் நாலு நாளிற் பழுதாகும். பயற்றம் உருண்டைக்கும் இதே கதைதான். தேங்காய்ப்பூவைப் பொன்னிறமாக வறுத்தாற் கிழமைக்கணக்கில் இருக்கும்; ஈரத்தோடு சேர்த்தால் அடுத்த நாளே மணக்கும். எள்ளுருண்டை எல்லாவற்றிலும் இலகு: வறுத்த எள்ளும் பனங்கட்டியும் உரலும் போதும். விளாம்பழம் கிடைத்தால் ஜாம் காய்ச்சலாம். களியைத் தண்ணீர் விட்டு அவித்து வடித்து, வடித்த அளவுக்குச் சீனி போட்டுக் காய்ச்ச வேண்டும். குளிர்ந்த பீங்கானில் ஒரு துளி விட்டுப் பார்த்தால் ஓடாமல் நிற்கும் பதமே இறக்கும் பதம். தானாகவே இறுகும் தன்மை விளாம்பழத்துக்கு உண்டு என்பதால் இதற்குக் கடை மருந்து எதுவும் வேண்டியதில்லை. ஜாம் விடும் போத்தலையும் மூடியையும் கொதிநீரிற் பத்து நிமிடமாவது அவித்து உலரவைத்துக்கொள்ளுங்கள். அயலவரின் பிள்ளை சாப்பிடப் போகும் பண்டம். இதில் அலட்சியம் ஆகாது.

நத்தார்க் கேக்கைப் பற்றிச் சொல்லாவிட்டாற் கோபிப்பீர்கள். றவை, பட்டர், முட்டை, கஜு, பூசணித் தோசி, றோஸ் வோட்டர் எல்லாம் சேர்த்த அந்தக் கேக்கைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இன்றைய விலையில் அதை எல்லா வீடும் செய்யவேண்டும் என்ற கட்டாயம் எதற்கு? நாலு வீடு சேர்ந்து ஒரு கேக் செய்து, சிறு துண்டுகளாக வெட்டிச் சுற்றிப் பகிர்ந்தால் சுவை குறையாது.

பலகாரத் தட்டைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். வெள்ளைத் துணியால் மூடி, பிள்ளையின் கையிற் கொடுத்து, வேலிக்கு அப்பால் அனுப்பும் தட்டு. நாலு சமயத்தவரும் வாழும் இந்த நாட்டில் வீட்டுப் பரிசின் பழைய வடிவம் அதுதான். அவர்கள் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் வெசாக்குக்கும் அனுப்ப, நாங்கள் நத்தாருக்கு அனுப்பினோம். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பாமல் ஒரு கை சீனியாவது போட்டு அனுப்பும் வழக்கத்தை எமது பாட்டிமார் எவரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் தவறவிட்டதில்லை. 2019 ஏப்பிரல் 21 இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் எந்த வீட்டுக்காவது தட்டு அனுப்புவதை நிறுத்தியிருந்தால், இந்த நத்தாருக்கு அதே வீட்டுக்கு முதற் தட்டை அனுப்புங்கள். முஸ்லிம் அயலவருக்கு அனுப்பும் தட்டில் றம் சேர்த்த கேக் வேண்டாம். மரக்கறி உணவு மட்டும் உண்ணும் சைவ வீட்டுக்கு முட்டை சேர்ந்தது வேண்டாம். பயற்றம் உருண்டையும் எள்ளுருண்டையும் எந்தப் படலைக்குள்ளும் போகும்.

பனையிடம் வருவோம். வடக்கில் எமக்குப் பனை தருவதை முழுமையாகச் சொல்ல இந்த இதழ் போதாது. 1978 இல் இதற்கென்றே பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. ஆனால் எமது பங்குகளின் நத்தார்ச் சந்தைகளில் ஓலைப் பொருள்கள் ஒரு மூலையிலும், இறக்குமதிப் பிளாஸ்ரிக் நடுவிலும் இருப்பதையே காண்கிறோம். சார்வோலையைக் காயவைத்து, சத்தகத்தால் வார்ந்து, சாயமிட்டு இழைத்த மூடுபெட்டி ஒன்றுக்கு நிகராக எந்த வர்ணக் கடதாசி நிற்கும்? பலகாரத்தை அதற்குள் வைத்துக் கொடுத்தால் பொதிசுற்றும் கடதாசியே தேவையில்லை; சுற்றியதே இன்னொரு பரிசாகிவிடும். குட்டானில் பனங்கட்டி, வெற்றிலை போடும் அப்புவுக்குக் கொட்டைப்பெட்டி, புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களுக்கு ஒரு நீத்துப்பெட்டியும் சுளகும். மட்டக்களப்புப் பக்கத்தவர்களுக்குப் பன்பாய் உண்டு. பளபளக்கும் கடதாசியும் பிளாஸ்ரிக் உறையும் 26 ஆம் திகதி காலையில் வளவின் மூலையில் எரிகின்றன. அந்தப் புகையைப் பிள்ளைகள்தாம் சுவாசிக்கிறார்கள். காற்றூதும் பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருள்களிற் பலவற்றை 2021 பங்குனி 31 முதல் அரசாங்கமே தடைசெய்தது என்பதையும் நினைவூட்டலாம்.

மழைமாதம் வேறொன்றையும் தருகிறது. ஆவணி, புரட்டாசியிற் பாத்தி போட்ட பனங்கொட்டை இந்த நாட்களிற் கிழங்காகும். அவித்த கிழங்கைத் தும்பு நீக்கி, மிளகு, உள்ளி, உப்பு, தேங்காய்ப்பூவுடன் இடித்து உருண்டையாக்கிக் கொடுத்தால் அது அன்றே உண்ணவேண்டிய பரிசு. வைத்திருக்க முடியாத பரிசுகளுக்கும் ஒரு சிறப்பு உண்டு: கொடுப்பவரும் இருந்து சேர்ந்து சாப்பிடவேண்டி வருகிறது.

பிள்ளைகளுக்குரிய விளையாட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசினால், உடனே சிலர் 1990 களைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். 1990 இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தபின் எரிபொருளும் பற்றரியும் சவர்க்காரமும் அரிதாகின. ஜாம் போத்தலில் திரி வைத்து விளக்கேற்றினோம். சைக்கிள் டைனமோவிற் பாட்டுக் கேட்டோம். பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். மீன் ரின்னுக்குப் பழைய செருப்பில் வெட்டிய சில்லுப் பூட்டிப் பிள்ளைகள் கார் ஓட்டினார்கள். எல்லாம் உண்மை. ஆயினும் அந்த நாட்களை இனிமையாக்கிப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அது தெரிவு அல்ல, நெருக்கடி. அக்காலத்துப் பிள்ளைகள் இன்று பெற்றோராகித் தங்கள் பிள்ளைகளுக்குக் கடைப் பொம்மை வாங்கிக் கொடுக்க ஆசைப்படுவதை நான் பழிக்கமாட்டேன். அவர்களிடம் நான் கேட்பது வேறு. ஒன்றை வாங்குங்கள், ஒன்றைப் பிள்ளையோடு சேர்ந்து செய்யுங்கள். எது மாசி மாதத்திலும் வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

பழைய சேலையில் தைத்த துணிப் பொம்மைக்குள் இலவம் பஞ்சு அடைக்கலாம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றாற் கண்ணுக்குப் பொத்தான் வைக்கவேண்டாம். நூலால் தையுங்கள், பிய்த்து விழுங்கிவிடும். ரின்னில் வண்டி செய்தால் வெட்டிய விளிம்பை உள்மடித்துத் தட்டிவிட வேண்டும். கிழுவைத் தடியிலோ பலகைத் துண்டிலோ ஆடு, மாடு, ஒட்டகம் செதுக்கத் தெரிந்த தகப்பனுக்கு ஒரு பாலன் குடிலையே பரிசாகச் செய்யலாம். வைக்கோலும் களிமண்ணும் எங்கும் உண்டு. ஆலயத்திலும் வீட்டிலும் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைச் சேர்த்து உருக்கி, பருத்தி நூலைத் திரியாக நிறுத்திச் சிரட்டையில் ஊற்றினால் அழகான விளக்கு. மெழுகை நேரே அடுப்பில் வைக்கக்கூடாது; தீப்பற்றும். ரின்னில் இட்டு, அந்த ரின்னைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்குங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

பணம் சிறிதும் வேண்டாத ஒரு பரிசையும் சொல்கிறேன். இடம்பெயர்வுகளில் எமது குடும்பங்கள் இழந்தவற்றிற் காணியும் வீடும் கணக்கெடுக்கப்பட்டன. படங்களும் பத்திரங்களும் பெட்டியோடு போனதை யார் கணக்கெடுத்தார்? பாட்டனின் தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைகள் இன்று பலர். ஒரு நாற்பது தாள் கொப்பியை எடுத்து, அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி, குடும்பத்திற் பிறந்தவர், இறந்தவர், மணமுடித்தவர், இருந்த ஊர், கிணறு, வளவின் பெயர், அவர் சமைக்கும் கறிகளின் செய்முறை என்று எழுதத் தொடங்கலாம். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வெளிநாட்டிலுள்ள மாமாவுக்கு. எழுத்து வடிவாக இல்லாவிட்டாற் பாதகமில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை செய்யக்கூடிய வேலை இது. அம்மம்மா இருக்கும்போதுதான் செய்யக்கூடிய வேலையும் இதுவே.

வெளிநாட்டுக்கு அனுப்புவோருக்கு ஒரு குறிப்பு. மிளகாய்த்தூள், ஒடியல், பனாட்டு போன்ற உலர்ந்த பண்டங்களை அனுப்புவதில் பெரும்பாலும் சிக்கல் குறைவு. ஆயினும் அந்தந்த நாட்டு விதியைக் கேட்டு அனுப்புங்கள். முளைக்கக்கூடிய விதை, நாற்று, மண் ஆகியவற்றைப் பொதியில் வைக்கவேண்டாம். வருடம் முழுவதும் அங்கிருந்து இங்கே வரும் பொதிகளுக்கு எதிர்த்திசையில் ஒரு பெட்டியாவது போகட்டும். பெறுவது மட்டுமே எமது பங்கு என்ற நிலை எமக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல.

இத்தனையும் சொல்லிவிட்டு, பெண்கள் கேட்கக்கூடிய நியாயமான ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. “கையாலே செய் என்று சொல்லுகிறீர்கள். யாருடைய கையாலே?” உண்மைதான். கடையில் வாங்கினாற் கடன். வீட்டில் செய்தால் நித்திரை முழிப்பு. இரண்டும் ஒரே ஆளின் தலையில் விழுமென்றால் நான் மேலே எழுதியது எல்லாம் வீண். மழைக்கால இரவில் இடுப்பொடிய இடித்து, சுட்டு, தைத்து முடித்துவிட்டு நள்ளிரவுத் திருப்பலியில் தூங்கி விழும் தாய்க்கு நத்தார் எங்கே? ஆகவே வீட்டுப் பரிசு என்பது வீட்டாரின் பரிசாக இருக்கவேண்டும். தேங்காய் துருவுவதும் உரலில் இடிப்பதும் விறகு பிளப்பதும் ஆண்களுக்குத் தெரியாத வித்தைகள் அல்ல. ஆண்கள் தமது பங்குக்குக் கொடுக்கக்கூடிய ஒரு நல்ல பரிசு, ஒரு நாள் உழைப்பு. தனியே இருக்கும் வயோதிபரின் வேலியை அடைத்துக் கொடுப்பது, கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்த்துக் கொடுப்பது, கிணற்றுக் கப்பியை மாற்றிக் கொடுப்பது. மார்கழி மழையில் எந்தச் சேட்டும் இதற்கு ஈடாகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லோரும் தாங்களே பெட்டி இழைத்தால், பெட்டி இழைத்துப் பிழைப்பவளிடம் யார் வாங்குவது? போரிலே கணவனை இழந்து, ஓலையையும் ஊசியையும் பலகாரச் சட்டியையும் நம்பிப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் எங்கள் எல்லாக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். செய்ய நேரமில்லாதவர்கள் அவர்களிடம் வாங்கட்டும். அதையும் நான் வீட்டுப் பரிசு என்றே கொள்வேன். வீடு மட்டும் வேறு. ஆனால் அங்கே போய்ப் பேரம் பேசாதீர்கள். பட்டினத்துக் கடையில் விலைச்சீட்டு ஒட்டிய சாமானுக்கு மறுபேச்சில்லாமற் பணத்தை எண்ணிக் கொடுக்கிற நாங்கள், ஓலைப் பெட்டிக்காரியிடம் மட்டும் ஐம்பது ரூபா குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்கிறோம். ஓலை எடுக்க, காயவைக்க, வார, சாயமிட, இழைக்க என்று ஒரு பெட்டிக்குப் போகும் நேரத்தைக் கூலியாகக் கணக்கிட்டுப் பார்த்தால் அவள் கேட்கும் விலை மிகக் குறைவு என்பது விளங்கும். நத்தாருக்கு முதற்கிழமை ஓடிப்போய் இருபது பெட்டி கேட்பதும் நியாயமில்லை. ஐப்பசியிற் சொல்லி, பாதிப் பணத்தை முற்பணமாகக் கொடுத்தால் ஓலைக்கும் சாயத்துக்கும் அவள் வட்டிக்கு எடுக்க வேண்டிவராது.

மாதர் சங்கங்கள் இதை ஓர் ஒழுங்காகச் செய்யலாம் என்பது எனது யோசனை. ஆவணிக் கூட்டத்தில் யார் யாருக்கு எது செய்யத் தெரியும் என்ற பட்டியல் ஒன்றை எடுக்கவேண்டும். புரட்டாசியில் வெயிற் பண்டங்களை முடிக்கவேண்டும். ஐப்பசியில் ஓடர்களும் முற்பணமும். மார்கழி முதற் ஞாயிறு பூசை முடிந்தபின் ஆலய வளவில் சிறு சந்தை ஒன்று. அதில் வெளியூர் வியாபாரிக்கு இடமில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். மாதம் ஐம்பதோ நூறோ ரூபாவாகச் சேர்க்கும் நத்தார்ச் சீட்டைத் தை மாதத்திலேயே தொடங்கினால் எள்ளுக்கும் பயறுக்கும் சீனிக்கும் அடகுக் கடைப் படி ஏறவேண்டியதில்லை. சில பங்குகளில் இதிற் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பார்கள். அவர்கள் தங்கள் வரவு செலவுக் கணக்கை இந்தப் பக்கங்களுக்கு எழுதி அனுப்பினால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இவ்வருடத்துக்கு வெயில் போய்விட்டது. ஆனால் செத்தல் மிளகாயும் எள்ளும் சந்தையில் இருக்கின்றன, பாத்தியிற் கிழங்கு இருக்கிறது, கொப்பிக்கடையில் நாற்பது தாள் கொப்பியும் இருக்கிறது. அம்மம்மாவை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மற்றவை ஒரு கிழமைக்குள் ஆகும்.